வலைக்காரர் வீட்டுத் தீர்ப்பு

கருவம்பட்டுச் சேரியில் தேவசகாயம் என்று கேட்டால் பல பேருக்குச் சட்டென்று தெரியாது. வலைக்காரர் என்று கேட்க வேண்டும். வலைக்காரர் என்றதும் மீன் பிடிக்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவரிடம் இருந்தது முயல் வலை. சணப்பு நாரைத் தொடையில் வைத்து உருட்டித் திரித்து, கண் கண்ணாக அவரே முடிந்தது. கிளியனூரிலிருந்து திருவக்கரைச் செம்மண் காடு வரைக்கும் அவ்வளவு நீள வலை வேறு யாரிடமும் இல்லை என்பார்கள். வேறு யாருக்கும் அத்தனை பொறுமை இல்லை என்பதுதான் உண்மை.

மற்ற நாட்களில் அவர் ஆண்டையின் படியாள். விடிவதற்குள் ஏர் பூட்டி, மாடு கட்டிக் கவலை இறைத்து, கரும்புக்குச் சோகை உரித்து, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்குக் களை வெட்டி, பொழுது சாயும்போது கூலிக் கேப்பையை மடியில் வாங்கிக்கொண்டு வருகிற ஆள். ஆனால் அந்த உழைப்பை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. சேரியில் எல்லோரும்தான் அதைச் செய்தார்கள். அவரைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் ஏரியும் காடும்தான் வாயில் வரும். ஏரி வற்றிச் சேறாகும்போது காலை ஊன்றி அசையாமல் நிற்பார். காலில் உரசுவது விராலா கெளுத்தியா என்று சொல்லிவிட்டுத்தான் குனிவார். அறுப்பு முடிந்த வரப்பில் எலி வளை வெட்டினால், உள்ளே அது சேர்த்து வைத்திருக்கும் கதிரில் ஒரு பிடியை மறுபடி உள்ளேயே தள்ளிவிடுவார். அதுவும் புள்ளகுட்டிக்காரி, நம்பளாட்டம் அது யாருகிட்ட போயி கேக்கும் என்பார். முதல் மழைக்கு எந்தப் புற்றில் ஈசல் புறப்படும் என்பது அவருக்கு முந்தின நாளே தெரியும். வறுத்த ஈசல் தெருவில் பாதி வீட்டுக்கு அவர் கையால்தான் போகும்.

வீட்டில் அவர் வேறு மாதிரி ஆள் என்றும் சொல்ல முடியாது. காட்டில் எப்படி ஓசைப்படாமல் இருப்பாரோ அப்படித்தான் வீட்டிலும் இருந்தார். பெண்சாதி செண்பகத்தின் மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. சேரியில் அது பெரிய அதிசயம், கொஞ்சம் கேலியும்கூட. காட்டிலிருந்து வரும்போது தலைத்துண்டின் முடிச்சில் காரைப்பழமோ சூரைப்பழமோ இருக்கும். மகள் பூமாலை சின்னதாக இருந்தபோது அவளுக்கென்று ஆரம்பித்த பழக்கம். அவளைக் கட்டிக்கொடுத்த பிறகும் முடிச்சு வந்துகொண்டுதான் இருந்தது. செண்பகம் அதை வாங்கி வாயில் போட்டுக்கொள்வாள். பெண்சாதிக்குப் பழம் பொறுக்குகிற ஆம்பிளை என்று கள்ளுக்கடையில் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

செண்பகத்தின் தம்பி அந்தோணிசாமியும் அந்த வீட்டில்தான் வளர்ந்தான். அவனைப் பெற்றுப் போட்டுவிட்டுத் தாய் கண்ணை மூடியபோது செண்பகம் கல்யாணமான புதுசு. இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டுதான் புருஷன் வீட்டுக்கு வந்தாள். தேவசகாயம் முகம் சுளிக்கவில்லை. நடக்கத் தெரிந்ததும் காட்டுக்கு இட்டுப் போனார். மீசை அரும்பியதும் வேலங்கட்டையில் ஒரு எறிதடி செதுக்கிக் கொடுத்தார். அவனுக்கு அவர் மாமா, அப்பன், எல்லாமும்.

இந்த வேட்டையில் ஒரு முறை இருந்தது. முயலை முதலில் அடித்தவனுக்குத் தலையும் ஒரு தொடைச் சப்பையும். வலைக்கு ஒரு சப்பை. நாய்க்குக் குடல். மீதி வந்தவர்களுக்கெல்லாம். ஓடுகிற முயலின் மேல் நாலு பக்கமிருந்தும் தடி பறக்கும்போது முதல் அடி யாருடையது என்பதில் சண்டை வராமல் இருக்குமா? அந்தச் சண்டைக்கு வலைக்காரர் சொல்வதுதான் தீர்ப்பு. மற்ற ஊர்களில் வலைக்காரர்கள் காட்டிலேயே ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு வசவு வாங்குவார்கள். தேவசகாயம் அப்படி இல்லை. வீட்டுக்குப் போய் உரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன் என்பார். முயலோடு உள்ளே போவார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து ஒரு பெயரைச் சொல்வார். அதற்கு மேல் பேச்சு இருக்காது. மச்சினன் என்று அந்தோணிக்குச் சாய்ந்ததில்லை. ஒரு தடவை தன்னுடைய அடியில்லை என்று தனக்கே எதிராகச் சொன்னார். இத்தனை வருஷத்தில் ஒரு தீர்ப்பும் தப்பியதில்லை என்று திருவக்கரைப் பக்கத்து ஆட்கள்கூடச் சொல்வார்கள்.

உள்ளே நடந்தது என்ன என்று வெளியே யாருக்கும் தெரியாது. முயலை உரிப்பவள் செண்பகம். தோலைக் கழற்றியதும் சதையில் கன்றிப்போன இடத்தை விரலால் தடவுவாள். ஒவ்வொருவன் தடிக்கும் ஒரு வளைவு, ஒரு கனம், ஒரு கணு. அந்தத் தடிகளையெல்லாம் அவள் தன் வீட்டு மூலையில் சாத்திப் பார்த்திருக்கிறாள். இது மாசிலாமணி அண்ணனுது என்பாள். இவர் வெளியே போய் அதைச் சொல்வார். பெண்பிள்ளை சொன்ன தீர்ப்பு என்றால் எவன் கேட்பான்? இரண்டு பேரும் அதை யாரிடமும் சொன்னதில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம் அது. அரிசியைக் கண்ணால் பார்ப்பது அபூர்வமாகிவிட்டது. துணிக்கும் கட்டுப்பாடு. காசு வைத்திருந்தவனுக்கே துணி கிடைக்காதபோது சேரிக்கு எங்கே கிடைக்கும்? பெண்கள் ஒரே புடவையைக் கிழித்து இரண்டு பேராகக் கட்டிக்கொண்டார்கள். பூமாலை பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவள் புருஷன் பட்டாளத்துக்கு ரோடு போடுகிற கூலியாக அஸ்ஸாம் பக்கம் போனவன். மாசக்கணக்காக அவனிடமிருந்து சேதியே இல்லை. ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தின் நடுவில் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தையைச் சுற்ற மெத்தென்ற பழந்துணி வேண்டும். வீட்டில் அப்படி இருந்தது தேவசகாயத்தின் ஒற்றை வேட்டி. அவரே அதை நாலாகக் கிழித்து மகளிடம் கொடுத்துவிட்டு, மல்லாட்டைச் சாக்கைப் பிரித்து இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகச் சுற்றிக்கொண்டார். சாக்கு குத்தவில்லையா என்று கேட்டவர்களிடம், பேரப்பயலுக்குக் குத்தாம இருந்தா சரி என்றார்.

உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் வேட்டைக்குப் போவது கருவம்பட்டு வேதக்காரர்களின் வழக்கம். தவசு காலம் முழுக்கக் கவிச்சி இல்லாமல் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் கறிக்கு அலைவார்கள். அந்த வருஷம் கவிச்சி மட்டுமா இல்லை, கூழே அரைவயிறுதான். விடிந்ததும் பத்துப் பன்னிரண்டு பேர் நாய்களோடு கிளம்பினார்கள். திருவக்கரைக்குக் கிட்டே, மரங்கள் கல்லாகிக் கிடக்கிற செம்மண் மேட்டில் வலை கட்டினார்கள். வலைக்கு எதிர்ப்பக்கமிருந்து ஆட்கள் சத்தம் போட்டுக் காட்டைக் கலைத்துக்கொண்டு வருவார்கள். வலையோரம் தடியோடு நிற்பவர்கள், தேவசகாயம் விரலை மடக்கிச் சீழ்க்கை அடித்தால்தான் எறிய வேண்டும். சீழ்க்கை இல்லாமல் தடி பறக்கக் கூடாது. அது எழுதாத சட்டம்.

காலையெல்லாம் ஒன்றும் விழவில்லை. வெயில் ஏறிச் செம்மண் கொதித்தது. வலையோரம் நின்றவர்கள் மாசிலாமணியும் அந்தோணிசாமியும். மாசிலாமணி தேவசகாயத்தின் சோட்டுக்காரன். சின்ன வயசிலிருந்தே இரண்டு பேரும் ஒரே ஏரிச் சேற்றில் புரண்டவர்கள். அவனுக்கு வரிசையாக ஐந்து பிள்ளைகள், ஐந்தும் பசியோடு காத்துக்கொண்டிருந்தன. ஒருவழியாக ஒரு பெரிய முயல் கிளம்பியது. வலையை ஒட்டி ஓடி ஒரு காரைப்புதருக்குள் பாய்ந்தது. அந்தப் புதரில்தான் வலையின் கயிறு முள்ளில் மாட்டிக்கொண்டிருந்தது. கயிற்றை விடுவிக்கத் தேவசகாயம் மறுபக்கத்திலிருந்து குனிந்து உள்ளே நுழைந்திருந்தார். இது இவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. நாய் குரைத்தது. புதருக்குள் பழுப்பாக ஒன்று தாழ அசைந்தது. முயலும் பழுப்பு, சாக்கும் பழுப்பு. சீழ்க்கைக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு தடியும் ஒன்றாகப் போயின.

முயல் மறுபக்கம் வெளியே வந்து, கல்மரத்தைத் தாண்டி ஓடிப்போனது.

புதரை விலக்கியபோது அவர் இரண்டு தடியின் மேலும் கவிழ்ந்து கிடந்தார். இரண்டிலும் இரத்தம். நெற்றிப்பொட்டுக்கு மேலே ஒரே ஒரு அடி. வண்டி கேட்டு ஒருவன் பக்கத்து ஊருக்கு ஓடினான். சேரியாள் ரத்தம் வண்டியில் படுமே என்று தரவில்லை. வலையையே நாலாக மடித்து, வெட்டிய வேலங்கிளையில் தூளியாகக் கட்டி, அவரைப் போட்டுத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வழியில் ஒரு தடவை கண்ணைத் திறந்தார்.

“முயலு விழுந்துச்சாடா?” என்றார்.

“விழுந்துச்சி மாமா,” என்றான் அந்தோணிசாமி.

அவருக்கு அது திருப்தியாக இருந்திருக்க வேண்டும். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். கருவம்பட்டு ஏரிக்கரை தெரிகிற இடத்துக்கு வந்தபோது உயிர் இல்லை.

மணியக்காரருக்குச் சேதி போனது. பனையிலிருந்து விழுந்தான் என்று அவர் எழுதிக்கொண்டார். போலீசைக் கூப்பிட்டால் அவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டியவர் அவர்தானே. பங்குச் சாமியார் திண்டிவனத்தில் இருந்தார். வர இரண்டு நாள் ஆகும், உபதேசியாரே செபம் சொல்லி அடக்கம் பண்ணட்டும் என்று பதில் வந்தது. ஆகவே சேரிக்குள் நடந்தது சேரியோடு நின்றது. அது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் சேரியின் பெரியதனக்காரர் ராஜாமணி ஆட்களைக் கூட்டினார். கெட்ட மனுஷர் இல்லை. தேவசகாயம் கொடுத்த மீனைத் தின்று வளர்ந்தவைதான் அவர் பேரப்பிள்ளைகளும். இரவு முழுக்க அழுது அவர் கண்ணும் வீங்கிக்கிடந்தது. ஆனாலும் ஊர்க்கட்டு என்று ஒன்று இருந்தது. வேட்டையில் ஒருவன் கையால் ஒருவன் செத்தால், அடித்தவன் தன் தடியை முறித்துப் போட்டுவிட்டு ஊரை விட்டுப் போய்விட வேண்டும். செத்தவனின் பெண்சாதி உயிரோடு இருக்கிற வரைக்கும் திரும்பக் கூடாது. அவள் செத்த சேதி போனால் அன்றைக்கு வரலாம். ராஜாமணியின் சின்னத் தாத்தாவே அப்படிப் போனவர். போனவர் திரும்பவில்லை, அந்தக் கிழவி நூறு வயசு இருந்தாள்.

மாசிலாமணி எழுந்து என் தடிதான் என்றான். அந்தோணிசாமியும் எழுந்து என் தடிதான் என்றான். பொய் சொல்லவில்லை. இரண்டு பேருமே அப்படித்தான் நம்பினார்கள், இல்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றும் ஏங்கினார்கள்.

“ரத்தம் யாரு கையிலன்னு தெரியாம பொணத்த எடுக்க முடியாது,” என்றார் ராஜாமணி. “தெரிஞ்சா ஒருத்தன் போவான், ஒரு வூடு பொழைக்கும். தெரியலன்னா ரெண்டு பேரும் போயிடணும். தீத்து வெக்கிறவன் இருந்தான், அவனே பாடையில கெடக்குறான். நான் இன்னா பண்றது?”

உள்ளே செண்பகம் பிணத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். மற்ற பெண்களை வெளியே அனுப்பிவிட்டாள். பூமாலை மட்டும் குழந்தையோடு மூலையில் சுருண்டு கிடந்தாள். எம்புள்ளைக்கு வேட்டியக் கிழிக்காம இருந்தா எங்கப்பன் வெள்ளையா தெரிஞ்சிருப்பாரே என்று அதையே சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. செண்பகம் உறைந்த இரத்தத்தை வெந்நீரால் நனைத்து நனைத்து எடுத்தாள். நெற்றிப்பொட்டு சுத்தமானதும் விரலை வைத்துத் தடவினாள். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

வளைவாக, அரை நிலாப் போல, தோல் வெட்டுப்பட்டிருந்தது. கட்டை வெட்டாது. இரும்புதான் வெட்டும். போன வருஷம் அந்தோணிசாமியின் தடி நுனியில் விரிசல் விட்டபோது, தேவசகாயம் வளவனூர்ச் சந்தைக்குப் போய்க் கொல்லரிடம் சொல்லி ஒரு இரும்புப் பூண் போட்டுக்கொண்டு வந்தார். மாசிலாமணியின் தடியில் பூண் கிடையாது.

அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். புருஷனும் போனான், தம்பியும் போனான் என்று அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது. மருமகன் இருக்கிறானோ இல்லையோ. பச்சை உடம்புக்காரி ஒருத்தி, கண் சரியாகத் திறக்காத குழந்தை ஒன்று, தான் ஒருத்தி. ஆண்டை கொல்லைக்கு இந்த வீட்டிலிருந்து ஆம்பிளை போகாவிட்டால் கேப்பை வராது. குடிசை நிற்கிற இடமும் ஆண்டையுடையது.

பின்பக்கத்துப் படல் கதவை நீக்கிக்கொண்டு அந்தோணிசாமி வந்தான். நேற்றிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. கிட்டே வரப் பயந்து தூரத்திலேயே குந்தினான்.

“அக்கா, பாத்தியா?”

“பாத்தேன்.”

“நீதான முயலை உரிப்ப. ஒனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்க்கா. சின்னப் புள்ளையில படலாண்ட நின்னு கேட்டிருக்கிறேன். மாமா வந்து சொல்றதெல்லாம் நீ சொன்னது.” அவன் பல் கிட்டியது. “எந்தடியா சொல்லு. எதுவா இருந்தாலும் சொல்லிடு. தெரியாம என்னால ஒக்காந்துக்கினு இருக்க முடியல.”

அவள் அவனைப் பார்த்தாள். மூக்கு ஒழுக, இடுப்பில் ஒட்டிக்கொண்டு இந்த வீட்டுக்குள் வந்த பிள்ளைதான் அங்கே குந்தியிருந்தது.

“ஒன்னுது இல்லடா,” என்றாள்.

அவன் நம்பவில்லை. மாதாமேல ஆணையா என்றான். அவள் தலையை மட்டும் அசைத்தாள். அவ்வளவுதான், அவன் மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அழுது முடித்து எழுந்தவன் பானையிலிருந்து தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தான். மார்பெல்லாம் வழிந்தது. முகத்தில் இரத்தம் திரும்பி வந்ததை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அப்பன்னா மாசிலாமணி அண்ணனுதா?” என்றான் குரலைத் தாழ்த்தி. “ஐயோ பாவம்க்கா. அஞ்சு புள்ளைங்க.”

அவள் துணியை மறுபடி வெந்நீரில் நனைத்தாள். அவன் வெளியே போனான்.

அவன் வாயைத் திறந்து யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கூட்டத்தில் வந்து உட்கார்ந்தவனின் முகத்தை மாசிலாமணி ஒரு தரம் பார்த்தான். பிணத்தைக் குளிப்பாட்டுகிற அக்காளிடம் போய்விட்டு வருகிறான், முகம் தெளிந்திருக்கிறது. அடி தன்னுடையதுதான் என்று மாசிலாமணிக்கு விளங்கிவிட்டது. எழுந்து தன் தடியை எடுத்து முழங்காலில் வைத்து முறித்தான். வேலங்கட்டை லேசில் முறியவில்லை, இரண்டு மூன்று தடவை முக்க வேண்டியிருந்தது. தெருவைக் கடந்து போய்ப் பெண்சாதியிடம் சட்டிபானையைக் கட்டச் சொன்னான். நீ மட்டும் போனா நாங்க இன்னாத்தத் தின்றது, எல்லாரும் ஒண்ணா வர்றோம் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பெரிய பெண் கடைசிக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றது. மற்ற மூன்றும் எங்கேயோ ஊருக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஆசையாக மூட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தன.

படல் இடுக்கு வழியாகச் செண்பகம் இவ்வளவையும் பார்த்தாள். நாம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அந்த மூட்டை தானாகக் கிளம்பிப் போய்விடும். அந்த எண்ணம் அவளுக்கு வந்தது. வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பூமாலையின் பக்கம் திரும்பினாள், குழந்தையைப் பார்த்தாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள். இந்த மனுஷன் தன் அடியில்லை என்று தனக்கே எதிராகச் சொன்னவன். அன்றைக்கு அந்த வீட்டில் வெறும் கூழ்தான். தலைக்கறி போச்சே என்று அவள் முணுமுணுத்தபோது, நீ பொய் சொல்லியிருந்தா நாங்கூடத் தின்னுருப்பேன், நீ சொல்லலியே என்று சிரித்தார். அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது. முதல்முதலாக அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். பிணம் வீட்டில் கிடக்கும்போது பெண்சாதி வாசல் தாண்டக் கூடாது. தாண்டி வந்து ராஜாமணிக்கு எதிரே நின்றாள்.

“ராஜாமணி மாமா, மூட்டையப் பிரிக்கச் சொல்லுங்க. மாசிலாமணி அண்ணன் தடி படல.”

“ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“இத்தினி வருசமும் எப்பிடித் தெரிஞ்சுதோ அப்பிடித்தான். அவரு வெளிய வந்து சொன்னதெல்லாம் நான் உள்ள இருந்து சொன்னது. வந்து நெத்தியப் பாருங்க. பூண் போட்ட தடி. பூண் யாரு தடியில இருக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும்.”

ராஜாமணி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.  இத்தனை காலமும் தலைக்கறி வாங்கியவர்கள், வாங்காமல் முறைத்துக்கொண்டு போனவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஒருவனும் எதிர்த்துப் பேசவில்லை.

அந்தோணிசாமி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

“இல்லன்னு சொன்னியேக்கா.”

“பொய் சொன்னேன்டா.”

மாசிலாமணிதான் கத்தினான். சீழ்க்கை வராமல் தடி விட்டது இரண்டு பேரும்தான், என் தடி குறி தப்பியது, அவன் தடி பட்டது, இதில் எனக்கென்ன யோக்கியம் வந்துவிட்டது என்று மாரில் அடித்துக்கொண்டு கேட்டான். அவன் போவதாக இருந்தால் நானும் போகிறேன் என்றான். ராஜாமணி அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். செண்பகமே மன்னித்தாலும் ஊர்க்கட்டை நான் அவிழ்க்க முடியாது, இன்றைக்கு இவனுக்கு அவிழ்த்தால் அன்றைக்கு என் சின்னத் தாத்தாவை எதற்கு அனுப்பினார்கள் என்று கேட்டார். அதற்கு ஒரு பதில் எனக்கு இருக்கிறது. ஒருவனை வீணாகத் தொலைத்தால் இரண்டாவது ஆளையும் தொலைக்க வேண்டுமா? ஆனால் அன்றைக்கு அதைச் சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அந்தோணிசாமி தடியை முறித்தான். பூண் மட்டும் கழன்று மண்ணில் உருண்டது. யாரும் அதைத் தொடவில்லை. மாமாவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டான். ராஜாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அடக்கத்துக்குப் புதுத் துணி எங்கும் அகப்படாமல், தவசு காலத்தில் கோயில் சுரூபங்களை மூடி வைக்கிற ஊதாத் துணியை உபதேசியார் கொண்டுவந்து தேவசகாயத்தின் மேல் போர்த்தியிருந்தார். அந்தோணிசாமி கால்மாட்டில் விழுந்தான். பூமாலை அவன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, மாமா போவாத மாமா என்றாள். குழந்தை விழித்துக்கொண்டு கத்தியது.

எங்கே போவான் என்று ஒருவரும் கேட்கவில்லை. மரக்காணத்து உப்பளத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று மாசிலாமணி சொல்லிக்கொடுத்தான். நடந்தால் ஒரு பகல் தூரம்தான். இந்த ஒரு பகல் தூரத்தைத் திரும்ப நடந்து வரக் கூடாது என்பதுதான் தண்டனை.

செண்பகம் ஏரிக்கரை வரைக்கும் கூட வந்தாள். இதுவும் செய்யக் கூடாததுதான், யாரும் தடுக்கவில்லை. பழைய கூழை ஒரு கலயத்தில் ஊற்றித் துணியால் வாயைக் கட்டி எடுத்து வந்திருந்தாள். அவன் அதை வாங்கிக்கொண்டான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் சேரியில் பறை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், பாடையைத் தூக்கப்போகிறார்கள்.

“மாமாவுக்கு ஒரு பிடி மண்ணு போடக்கூட முடியலியேக்கா.”

“ஒனக்கும் சேத்து நான் போடுறேன்.”

“புள்ளைய யாரு பாத்துக்குவாங்க?”

“நான் போறேன் ஆண்ட கொல்லைக்கு. மாசிலாமணி அண்ணன் இருக்குது. நீ ஒண்ணும் கவலப்படாத. உப்புல நின்னா காலு வெடிச்சுப் போவும், ராவுல வெளக்கெண்ண தடவிக்கோ.”

அவன் கொஞ்ச தூரம் போனான். போனவன் நின்று திரும்பினான். என்னவோ சந்தைக்குப் போகிறவன் கேட்பது போல, எப்ப வர்றதுக்கா என்று கேட்டான். கேட்ட பிறகுதான் தான் கேட்டது என்னவென்று அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டான்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சீக்கிரமா கூப்புடுறேன்டா தம்பி,” என்றாள். “நீ போ.”

சொன்ன வார்த்தையை அவளால் காப்பாற்ற முடியவில்லை. ஆண்டை கொல்லையில் களை வெட்டி, கேப்பைக் கூழைக் குடித்துக்கொண்டு, ஒரு தலைவலி காய்ச்சல்கூட இல்லாமல், அவள் நெடுங்காலம் இருந்தாள்.